தராசின் இரு தட்டுகள்

ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும், கையில் பையுடன் காய்கறி வாங்கச் செல்வது நம் குடும்பங்கள் பலவற்றில் வழக்கம். அண்மையில் உழவர் சந்தை இருக்குமாயின், பெற்றோர் தம் பிள்ளைகளையும் அங்கே அழைத்துச் செல்வது நலம். அன்று பறித்த காய்கறியோடு, வாழ்க்கைக்கு வேண்டிய பாடம் ஒன்றும் அங்கே கிடைக்கும்.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. பஞ்சாபில் 1987இல் தோன்றிய ‘அப்னி மண்டி’யும், ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் தோன்றிய ‘ரைத்து பஜா’ரும் இதற்கு முன்னோடிகள். நிலத்தில் விளைந்த பொருள் தரகர், மொத்த வணிகர், சில்லறை வணிகர் எனப் பல கைகள் மாறியே வழக்கமாக நம்மிடம் வருகிறது. அவர்களுக்கும் வண்டிக்கூலி உண்டு. அழுகிப்போகும் சரக்கினால் இழப்பும் உண்டு. ஆயினும் ஒவ்வொரு கையிலும் விலை ஏறுகிறது. அந்த ஏற்றம் உழவரைச் சென்று சேர்வதில்லை. உழவர் சந்தையிலோ, அடையாள அட்டை பெற்ற உழவர் வாடகையின்றிக் கடை விரித்துத் தாமே விற்கிறார்.

விலை குறிக்கும் முறையும் அறியத்தக்கது. அலுவலர்கள் அதிகாலையில் மொத்தச் சந்தையின் விலையை விசாரித்து, அதனைவிடச் சுமார் 20 விழுக்காடு கூடுதலாகவும், வெளிக்கடை விலையைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைவாகவும் அமையுமாறு கணக்கிட்டுப் பலகையில் எழுதுகின்றனர். விற்பவருக்கும் நட்டமில்லை, வாங்குபவருக்கும் சுமையில்லை.

இருந்தும் அங்கே பேரம் ஓய்வதில்லை. பொழுது விடியுமுன் கீரைக்கட்டைச் சுமந்து வந்த மூதாட்டியிடம் இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி வாதாடுகிறோம். அடுத்த கடையில் பிஸ்கட் பொட்டலத்தில் அச்சிட்ட விலையை வாய் திறவாமல் கொடுக்கிறோம். வெயில் ஏற ஏறக் கீரை வாடும். கீரை வாட வாட அம்மூதாட்டியின் குரலும் தாழும். மாலைவரை அதை வைத்திருக்க அவரால் இயலாது என்பது நமக்குத் தெரியும். தெரிந்தே காத்திருந்து விலையைக் குறைப்பது சிக்கனம் ஆகுமா? பிள்ளைகள் அருகில் நின்று இதைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதை மறவாதிருப்போம்.

திருத்தந்தை புனித 23ஆம் அருளப்பர் வட இத்தாலியில் சோத்தோ இல் மோந்தே என்னும் சிற்றூரில், பிறர் நிலத்தை வாரத்திற்குப் பயிரிட்ட எளிய குடும்பத்தில் பிறந்தவர். 1961இல் அவர் வெளியிட்ட ‘மாத்தெர் எத் மஜிஸ்த்ரா’ என்னும் சுற்றுமடல் உழவரின் நிலைபற்றி விரிவாகப் பேசுகிறது. உணவுப்பொருள் எல்லாரும் வாங்கக்கூடிய விலையில் இருத்தல் வேண்டும். ஆனால் அதைக் காரணங்காட்டி உழவரை என்றென்றும் தாழ்நிலையில் வைத்திருத்தல் அநீதி என்பது அவர் போதனை. ஆகவே உரிய விலையைக் கொடுப்பது நாம் இடும் பிச்சையன்று; செலுத்த வேண்டிய கடன்.

கடமை ஒருபுறத்திற்கு மட்டும் உரியதன்று. நல்ல தக்காளியை மேலே அடுக்கி, அழுகியதை அடியில் மறைப்பதும் குற்றமே. பிறரிடம் வாங்கிய சரக்கைத் தம் நிலத்து விளைச்சல் என்று விற்பதும் குற்றமே. லேவியர் நூலின் 19ஆம் அதிகாரம் தராசும் எடைக்கற்களும் நேர்மையாய் இருக்கவேண்டுமெனக் கட்டளையிடுகிறது. அறுவடையில் ஏழைக்கும் அந்நியனுக்கும் மிச்சம் விடவேண்டுமென்பதும் அதே அதிகாரத்தின் கட்டளைதான்.

எனவே அடுத்த முறை செல்கையில், கொடுக்க வேண்டிய பணத்தைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். விற்பவரை ‘அம்மா’, ‘ஐயா’ என்று அழைக்கக் கற்றுக்கொடுங்கள். எந்த ஊர், எத்தனை நாள் பயிர், இவ்வாண்டு மழை போதுமானதா என்று அப்பிள்ளையே கேட்கட்டும். தை மாதமாயின் பனங்கிழங்கு, கோடையாயின் நுங்கு, மற்ற நாளில் கொய்யாவோ பச்சை நிலக்கடலையோ அப்பிள்ளை விரும்பியதை வாங்கிக்கொள்ளட்டும். அன்று உணவுக்குமுன் செபிக்கும்போது, அக்கீரையைப் பயிரிட்ட கைகளையும் நினைத்து ஒரு அருள்நிறை மந்திரம் சேர்த்துச் சொல்லுங்கள். அம்மந்திரத்தைச் சொல்லும் பிள்ளைக்கு அந்த முகம் நினைவில் இருக்கும்.