வீட்டுக்கு ஆணை உண்டு, கடனுக்கு யார் பொறுப்பு?

அரசு வீடு தருகிறது என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் அரசு தருவது வீடு அல்ல. வீடு கட்டிக்கொள்ளப் பணம். அதுவும் மொத்தமாக வருவதில்லை. கட்டக் கட்டத் தவணையாக வருகிறது. நம் காலனிகளில் லிண்டல் மட்டத்தோடு நின்றுபோன வீடுகளுக்குக் காரணம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

1985-86-ல் இந்திரா நினைவு குடியிருப்புத் திட்டம் தொடங்கப்பட்டபோது அது பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்காகவே வந்தது. 2016-ல் அதன் இடத்துக்கு வந்த பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்திலும் தேசிய இலக்கில் 60 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. சமவெளியில் அதன் அடிப்படைத் தொகை ரூ.1.20 லட்சம். 2024-25 மாநில நிதிநிலை அறிக்கை அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் ரூ.3.50 லட்சம் தருகிறது. 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் இலக்கு. இவற்றை வரவேற்கிறோம். ஆனால் இரண்டு பூட்டுகள் இன்னும் திறக்கப்படவில்லை.

முதல் பூட்டு பட்டா. வீடு கேட்பவருக்கு மனை இருக்க வேண்டும். 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிலம் கையகப்படுத்தி நமக்கு மனைப்பட்டா வழங்கப்படுகிறது. பல ஊர்களில் காகிதம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, மனையை அளந்து கல் நட்டவர் இல்லை. வேறு பல இடங்களில் பட்டா இறந்துபோன தாத்தா பெயரில். அந்த மூன்று சென்ட்டில் மூன்று பேரன்களின் குடும்பங்கள்.

இரண்டாவது பூட்டு கடன். அடித்தளம் போட்டால்தான் தவணை வரும். அந்த அடித்தளத்துக்கு ஜல்லி, சிமெண்ட், கம்பி வாங்கக் கூலி வேலை செய்பவரிடம் பணம் ஏது? விரும்பும் பயனாளிக்கு ரூ.70,000 வரை வங்கிக் கடன் பெற உதவ வேண்டும் என்று மத்தியத் திட்ட விதிகளே சொல்கின்றன. வங்கியோ தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, சம்பளச் சீட்டு கேட்கிறது. நிபந்தனைப் பட்டாவை அது ஈடாக மதிப்பதில்லை. காலனி மனையை ஏலத்தில் யார் எடுப்பார் என்பது வெளியே சொல்லாத கணக்கு. கடைசியில் நம் பெண்கள் வாரத் தவணைக் குழுக் கடனில் போய் நிற்கிறார்கள். வீடு எழும்பும் முன்பே வட்டி எழும்புகிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் கிராமப்புறத்தில் வீடு வாங்கும் குறைந்த, நடுத்தர வருவாய்க் குடும்பங்களுக்காக அந்நாட்டு வேளாண்மைத் துறை வங்கிகளுக்கு 90 விழுக்காடு வரை உத்தரவாதம் தருகிறது. முன்பணம் இல்லாமலேயே கடன் கிடைக்கிறது. ஆனால் உத்தரவாதம் மட்டும் போதாது என்பதற்கும் அதே துறை சாட்சி: வேளாண் கடனில் தங்களுக்குப் பாகுபாடு காட்டப்பட்டதாகக் கறுப்பின விவசாயிகள் தொடுத்த வழக்கில் 1999-ல் அது உடன்பாட்டுக்கு வந்து இழப்பீடு தர வேண்டியதாயிற்று. திட்டம் இருந்தால் மட்டும் போதாது, மேசைக்கு அந்தப்பக்கம் இருப்பவரைக் கண்காணிக்கவும் வேண்டும்.

நம்மிடம் தாட்கோ இருக்கிறது. 1974-ல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் முழுப்பெயரிலேயே வீட்டுவசதி இருக்கிறது. தொழிலுக்கு மானியத்துடன் கடன் பெற்றுத் தரும் தாட்கோ, வீடு கட்டுவோரின் வங்கிக் கடனுக்கு ஏன் பொறுப்பேற்கக் கூடாது? முதல் தவணையை அடித்தளத்துக்கு முன்பே தருவது, ஆணை வழங்கும் நாளிலேயே மனையை அளந்து காட்டுவது, நிராகரித்த கடன் மனுவுக்கு வங்கி எழுத்தில் காரணம் தருவது ஆகிய மூன்றையும் இத்துடன் சேர்த்துக் கேட்கிறோம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அடுத்த கிராமசபைக்கு முன் உங்கள் தெருவில் பட்டா யார் பெயரில் இருக்கிறது, மனை அளக்கப்பட்டதா, எத்தனை வீடு எந்த மட்டத்தில் நிற்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்தப் பட்டியலைக் கிராமசபையில் படித்துத் தீர்மானமாகப் பதியச் செய்யுங்கள். வாயால் சொன்ன குறை கூட்டம் கலைந்ததும் கலைந்துவிடும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதற்கு அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும்.