விதைக்கோட்டையும் வாடகை நூலும்

நூலும் இசையும் மென்பொருளும் வேண்டும்போது கைக்கெட்டுமாயின் அவற்றைச் சொந்தமாக்கிக்கொள்ளும் அவசியம் யாது என்று வினவும் நண்பர்கள், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிச் சென்று, சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவிக்கும் குடியானவரிடம் அவ்வினாவைக் கேட்டுப் பார்க்கட்டும். விளைச்சலில் ஒரு பகுதியை மறுவிதைப்புக்கென எடுத்துவைப்பவரே அடுத்த பருவத்துக்கு அதிபதி என்பது அவர் அனுபவத்தில் கண்ட சத்தியம். விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பிறரோடு பரிமாறவும் உழவருக்குள்ள பாத்தியதையை 2001-ஆம் ஆண்டுச் சட்டமும் அங்கீகரித்திருக்கிறது.

மின்னூல் வாசகருக்கோ அந்தப் பாத்தியதை இல்லை. 2009 ஜூலையில், விலை கொடுத்தவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ பதிப்பொன்றை அமேசான் அழித்தது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, அங்கு வாங்கிய நூல்களும் மறைந்தன. முன்னது உரிமையற்றவர் விற்ற பதிப்பு என்பதும், இரு முறையும் பணம் திருப்பித் தரப்பட்டது என்பதும் மெய்யே. ஆயினும் அச்சு நூலாக இருந்திருப்பின், எந்த வியாபாரியும் நம் அலமாரியைத் திறந்து அதை எடுத்துச் சென்றிருக்க இயலாதன்றோ?

வசதியை நான் நிந்திக்கவில்லை. வாடகையை வாடகை என்றே சொல்லுங்கள். விற்பனை என்றால், வாங்கியவர் கையில் விதையையும் விட்டுவையுங்கள்.