பெட்டி கட்டுவதற்கு முன்

"சார், பிள்ளைக்கு எத்தனை உடுப்பு எடுத்து வைக்கணும்?" என்று ஒரு தாய் கேட்டார். வேலைக்காட்டிலிருந்து நேரே வந்த கோலம். காலில் பூட்ஸ் கூடக் கழற்றவில்லை.

"உடுப்பு நாலு போதும் அம்மா. பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தை எடுத்து வாருங்கள். கடப்பிதழ் எடுக்க வேண்டும்" என்றேன். வீட்டுக்குப் போய் எடுத்து வந்தார். அந்தத் தாளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியம் எடுக்கும் நம் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் பாடம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். ஆரம்பப் பள்ளியில் என்னிடம் படித்தவர்கள்தாம். மொத்தம் பதினான்கு பேர். பூம்புகார், நாகப்பட்டினம், தஞ்சாவூர், எட்டயபுரம் என்று தமிழகத்துக்கு ஓர் இலக்கியப் பயணம் போவதென்று முடிவு செய்து, பத்து மாதமாக மாதாமாதம் கொஞ்சம் வெள்ளி சேர்த்தோம்.

பெற்றோர்களே, எட்டயபுரத்துக்கு ஆயத்தம் அதிகம் வேண்டாம். பாரதி பிறந்த வீட்டில் போய் நின்றால் போதும், பிள்ளைக்குத் தானே உறைக்கும். பூம்புகார் அப்படியல்ல. அங்கே பழைய பட்டினம் கண்ணுக்குத் தெரியாது; கடல்தான் தெரியும். படிக்காமல் போகிற பிள்ளை கடலைப் பார்த்து, கடலை வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பிவிடும்.

ஆகவே பட்டினப்பாலையை எடுத்து வைத்துக்கொண்டோம். உருத்திரங்கண்ணனார் அந்தத் துறைமுகத்தில் வந்து குவிந்த சரக்குகளைச் சொல்லிக்கொண்டே போகிறார். அவற்றுள் காழகத்திலிருந்து வந்த பொருளும் உண்டு. காழகம் என்பது கடாரம் என்று உரை எழுதினார் நச்சினார்க்கினியர். கடாரம் என்பது நம் கெடாதான். நமக்கு முன்பே நம் ஊர்ச் சரக்கு அங்கே போய் இறங்கியிருக்கிறது!

இதைச் சொன்னதும் பிள்ளைகளின் முகமே மாறிவிட்டது. மறு சனிக்கிழமையே பஸ் பிடித்து மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் போனோம். புக்கிட் பத்து பாஹாட் கோயிலின் கல் அடித்தளத்தைச் சுற்றி வந்தார்கள். அண்ணாந்து பார்த்தால் ஜெராய் மலை. அந்நாளில் கடலோடிகளுக்கு அதுதான் அடையாளம். பக்கத்து ஊர்க்காரர்கள் நாம். பதினான்கு பேரில் பதினொரு பேர் அன்றுதான் அந்த இடத்தை முதன்முதலாகப் பார்த்தார்கள்.

நாகப்பட்டினத்துக்கு இன்னொரு பாடம். நம் பாட்டன் பாட்டிகளில் பலர் கப்பல் ஏறிய துறை அது. ராஜராஜ சோழன் காலத்தில் கடாரத்து அரசன் அங்கே சூடாமணி விகாரம் எழுப்பினான். 1006 வாக்கில் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாய் அதற்கு விடப்பட்டது. ஆனால் 1025 வாக்கில் ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் கடாரத்தின்மேல் படையெடுத்து வந்தான். "அப்பா ஊரையே குடுத்தாரு, மகன் ஏன் சார் சண்டைக்கு வந்தாரு?" என்று ஒரு மாணவி கேட்டாள். கடல் வாணிப வழிக்காக என்று வரலாற்றாசிரியர் பலர் சொல்வதைச் சொன்னேன். அவள் முகத்தில் திருப்தியில்லை. எனக்கும்தான்.

2004 டிசம்பர் 26 அன்று நம் கோத்தா கோலா மூடாவில் ஏறிய அதே கடல் அன்றே நாகப்பட்டினத்திலும் ஏறியது. அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். புகார் நகரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை சொல்வதை இந்தப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் வீட்டுப் பெரியவர்களே விளக்கிவிட்டார்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜேந்திரனின் கல்வெட்டொன்றில் கடாரம் என்ற பெயர் இருக்கிறது. அதைத் தேடிப் பிடிப்பதற்காகச் சோழர் காலத்து எழுத்தைப் பழகினோம். அந்த எழுத்தில் பெரும்பாலும் புள்ளி இராது. 'ர'வும் துணைக்காலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முதலில் பழகியவள் அந்தக் கேள்வி கேட்ட மாணவிதான். மற்றவர்களுக்கும் அவளே சொல்லிக் கொடுத்தாள்.

பிறப்புப் பத்திரம் கொண்டு வந்த தாய் அவளுடைய தாய். தாளில் 'புக்கான் வார்கநெகாரா' என்றிருந்தது. குடியுரிமை இல்லை. கடப்பிதழும் இல்லை.

தந்தை இந்நாட்டுக் குடிமகன். தாய்க்குக் குடியுரிமை இல்லை. கோயிலில் தாலி கட்டினார்கள். பிள்ளை பிறக்குமுன் திருமணத்தைப் பதியவில்லை. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைச் சட்டப்படி பதிய வேண்டும். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை தாயை ஒட்டியே பார்க்கப்படும். பிறகு பதிந்தாலும் அது தானாகச் சரியாகிவிடாது. அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் விண்ணப்பிக்கலாம். அதற்கு வயது வரம்பு உண்டு, ஆகவே தள்ளிப் போடக்கூடாது. உங்கள் வீட்டுப் பத்திரத்தை இன்றிரவே விளக்கில் பிடித்துப் படித்துப் பாருங்கள். மலாய் புரியாவிட்டால் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள்.

அவளை முதலாம் ஆண்டில் சேர்த்தபோது இதே பத்திரத்தின் நகலை வாங்கிக் கோப்பில் வைத்தவன் நான். படிக்கவில்லை. பன்னிரண்டு வயதில் கூடப் படித்தவர்கள் மைக்கார்டு எடுத்தபோது அவள் எடுக்காததையும் கவனிக்கவில்லை. பணத்தைப் பத்து மாதம் முன்பே கேட்ட நான், தாளைக் கடைசியில்தான் கேட்டேன்.

அவள் அழவில்லை. மறுநாள் ஒரு தாளில் அந்தப் பழைய எழுத்துகளைப் பெரிதாக எழுதிக் கொண்டு வந்தாள். "சுவர்ல இது கிடைச்சா படம் எடுத்துட்டு வாங்க, சார்" என்றாள்.

வரும் செவ்வாய்க்கிழமை அவள் தந்தை லீவு போட்டிருக்கிறார். இருவரையும் அழைத்துக்கொண்டு சுங்கை பட்டாணிக்குப் போகிறேன். அவள் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். தந்தை வாங்க மறுத்துவிட்டார். கணக்குப் புத்தகத்தில் அவள் பெயரிலேயே இருக்கிறது.