முருங்கைக்காய் டேட்டாவுக்கு ஏ.ஐ போட்ட சார்ட்... ஆய்விதழுக்கு அனுப்பும் முன் இதைப் பாருங்க!

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முருங்கைக்காய் விலை ஒரு இடத்தில் நிற்காது. கோடையில் வரத்து குவிந்தால் பறிக்கிற கூலிகூடத் தேறாது. மார்கழி, தை வாக்கில் வரத்து குறைந்தால் கிலோ நூறு ரூபாயைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். இந்த ஏற்ற இறக்கத்தைப் பத்து பக்கம் எழுதுவதைவிட ஒரு கோட்டுப்படமாகப் போட்டால் யாருக்கும் சட்டெனப் புரியும்.

இந்தப் பக்கத்துத் தோட்டக்கலை மாணவி ஒருவர் அந்தப் படத்தைப் போட உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் வெளியிட்ட பி.கே.எம்-1 முருங்கைதான் அவருடைய ஆய்வு. மூன்று வகை உரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாத்தி, கூடவே இரண்டு வருட மார்க்கெட் விலை. எல்லாம் எக்ஸெல்லில் இருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு அந்த ஃபைலை ஒரு ஏ.ஐ செயலியில் ஏற்றி, ‘ஜர்னலுக்கு அனுப்புற மாதிரி சார்ட் போட்டுக் கொடு’ என்கிறார். காபி ஆறுவதற்குள் பளிச்சென்று படம் வந்துவிடுகிறது.

பளிச்சென்று இருப்பதுதான் இங்கே சிக்கலே.

ஏ.ஐ இரண்டு விதமாகப் படம் தரும். ஒன்று, சினிமா போஸ்டர் மாதிரி கற்பனையாக வரைவது. அதற்கும் உங்கள் எண்களுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இன்னொன்று, உங்கள் ஃபைலைப் படித்து, பைத்தான் மொழியில் நிரல் எழுதி, அந்த நிரலை ஓட்டிப் படம் போடுவது. சாட்ஜிபிடியில் 2023 ஜூலையில் கட்டணம் செலுத்துவோருக்கு வந்த ‘கோட் இன்டர்பிரட்டர்’ வசதி இந்த ரகம். இதில் பெரும்பாலும் வேலை செய்வது மேட்பிளாட்லிப் என்ற இலவச மென்பொருள். மூளை நரம்பியல் ஆய்வில் இருந்த ஜான் ஹன்டர் தன் சொந்தத் தேவைக்காக உருவாக்கி, 2003-ல் வெளியிட்டது.

முதல் ரகத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே சிரித்த உதாரணம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் ஃபிரான்டியர்ஸ் நிறுவனத்தின் ஆய்விதழ் ஒன்றில் எலியின் உடற்கூறுப் படம் வந்தது. மிட்ஜர்னி என்ற ஏ.ஐ வரைந்தது. எலியின் ஓர் உறுப்பு எலியைவிடப் பெரிதாக இருந்தது. குறிப்புகளில் எந்த அகராதியிலும் இல்லாத சொற்கள். நிபுணர்கள் பார்வையைத் தாண்டித்தான் அது அச்சேறியது! சில நாட்களிலேயே கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். நேச்சர் இதழோ 2023-லேயே, ஏ.ஐ உருவாக்கும் படங்களை வெளியிடுவதில்லை என்று அறிவித்துவிட்டது. ஏ.ஐ பற்றிய கட்டுரைகளுக்கு மட்டும்தான் அப்போது விலக்கு தந்தது.

‘நம்மது நிரல் எழுதிப் போட்டதுதானே’ என்று நிம்மதியாகிவிட வேண்டாம். எலி படத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரும், தப்பு தெரியும். நிரல் போட்ட படத்தில் தப்பு இருந்தால் அது நேர்த்தியாக, நல்ல நிறத்தில், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும்.

மார்க்கெட் விடுமுறை நாளில் எக்ஸெல் கட்டம் காலியாக இருக்கும். அந்தக் காலியை 0 என்று எடுத்தால்? ஆறு நாள் கிலோ 30 ரூபாய், ஏழாவது நாள் லீவு என்றால் சராசரி 30. பூஜ்யத்தைச் சேர்த்தால் 25 ரூபாய் 71 காசு. விவசாயிக்குக் கிடைத்த விலையில் நாலு ரூபாய்க்கு மேல் காகிதத்திலேயே காணாமல் போகிறது.

அடுத்தது தேதி. நாம் 03/04 என்றால் ஏப்ரல் 3. அமெரிக்க வழக்கப்படி அது மார்ச் 4. மென்பொருள் அப்படி எடுத்துக்கொண்டால் ஒரு மாத விலை இன்னொரு மாதத்தில் போய் உட்கார்ந்துவிடும். 13-ம் தேதி முதல் இந்தக் குழப்பம் வராது, 13-வது மாதம் கிடையாதே. அதனால் கொஞ்சம் சரியும் கொஞ்சம் தப்புமாகக் கலந்து ஒரு கோடு வரும். சீஸனே இடம் மாறிப்போன அந்தக் கோட்டைப் பார்த்து, முருங்கை பற்றி எதுவும் தெரியாதவர் தலையாட்டிவிடுவார். ஒட்டன்சத்திரம் கமிஷன் கடைக்காரர் ஒருவரிடம் காட்டினால் ஒரே நிமிடத்தில் பிடித்துவிடுவார்.

மூன்றாவது, பட்டைகளின் தலையில் நிற்கும் சின்னக் கோடு. எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்கிற பிழைக்கோடு அது. திட்ட விலக்கம், திட்டப் பிழை, நம்பக இடைவெளி என எதையும் அதில் காட்டலாம். நான்கு பாத்தி ஆய்வில் திட்டப் பிழை என்பது திட்ட விலக்கத்தில் சரிபாதி. கோடு பாதியாகச் சுருங்கினால், பெரிய வித்தியாசம் இல்லாத இரண்டு உரங்களும் மலைக்கும் மடுவுக்கும் மாதிரி தெரியும். சீபார்ன் என்ற மென்பொருள், எதுவும் சொல்லாவிட்டால் பட்டைப் படத்தில் 95 சதவிகித நம்பக இடைவெளியைப் போடும். மாணவி அதன் கீழே ‘திட்ட விலக்கம்’ என்று எழுதிவிட்டால், யாரும் வேண்டுமென்று செய்யாத பொய் ஒன்று அச்சேறிவிடும்.

அதனால் கேட்கும்போதே விவரமாகக் கேளுங்கள்: ‘தேதி நாள்/மாதம்/வருடம் என்ற வரிசையில் இருக்கிறது. காலிக் கட்டம் விடுமுறை நாள், அதை 0 ஆக்காதே, கோட்டை அங்கே உடைத்துவிடு. பிழைக்கோட்டில் திட்ட விலக்கம் காட்டு. நான்கு பாத்தி எண்களையும் புள்ளிகளாகப் பட்டையின் மேலேயே வை. பட்டை 0-விலிருந்து தொடங்கட்டும். நிரலையும் கொடு.’

கடைசி வார்த்தை முக்கியம். நிரல் கையில் இருந்தால் கூகுள் கோலாபில், செல்போனிலேயேகூட, மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். பிறகு ஏதாவது மூன்று எண்களை எடுத்து கால்குலேட்டரில் சராசரி போட்டு, படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அலுப்பான வேலைதான், ஐந்து நிமிடம் ஆகும்.

அளவு, எழுத்து எல்லாம் இதழுக்கு இதழ் மாறும். நேச்சரில் ஒரு பத்திப் படம் 89 மில்லிமீட்டர் அகலம், எழுத்து 5 முதல் 7 பாயின்ட். அந்த எண்களை அப்படியே ஏ.ஐ-யிடம் சொல்லிவிடலாம். பி.டி.எஃப் ஆக வாங்கினால் பெரிதாக்கினாலும் கோடு உடையாது. சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம், நிறக்குருடு உள்ள பலருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஏ.ஐ பயன்படுத்தியதைக் கட்டுரையில் எப்படிக் குறிப்பிட வேண்டும் என்பதையும் இதழின் விதிமுறையில் பார்த்துவிடுங்கள். வெளிவராத டேட்டாவை ஏற்றுவதற்கு முன் கைடிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. நோயாளிகளின் பெயர் உள்ள ஃபைல் என்றால் ஏற்றவே கூடாது.

தமிழில் தலைப்பு போட விரும்புபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மேட்பிளாட்லிப்பில் வழக்கமாக வரும் எழுத்துருவில் தமிழ் கிடையாது. ‘முருங்கை’ என்று கேட்டால் வரிசையாகக் கட்டங்கள்தான் வரும். தமிழ் எழுத்துரு சேர்த்தாலும் பல நேரம் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எழுத்து இல்லாமல் எஸ்.வி.ஜி ஃபைலாக வாங்கி, இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் தமிழைக் கையால் தட்டச்சு செய்து சேர்ப்பதுதான் இப்போதைக்கு வசதி.