திண்டுக்கல்லின் சுவைக்கு நாம் செலுத்தும் நன்றி

திண்டுக்கல்லுக்கு வரும் விருந்தினரைப் பிரியாணிக் கடைக்கு அழைத்துச் சென்று உண்ணவைத்து வழியனுப்பிவிடுகிறோம். ஓர் ஊரை அறிய அது மட்டும் போதுமா?

முதலில் நாகல் நகர்ப் பக்கமுள்ள பூட்டுப் பட்டறைகளைக் காட்டுவோம். கையாலேயே அரம் கொண்டு ராவிப் பொருத்தும் இப்பூட்டுகளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் விலை மலிந்த இயந்திரப் பூட்டுகளால் தொழில் நலிந்துவருகிறது. ஒரு பூட்டேனும் வாங்குவது அக்கைகளுக்கு நாம் செய்யும் மரியாதை. பின்னர், ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகம் அடங்கியுள்ள பேகம்பூர் பெரிய பள்ளிவாசலில் லுஹர் தொழுவோம். அதன் பிறகு உணவு.

சீரகச் சம்பா சிறிய அரிசி. கறிச்சாற்றை உள்வாங்கிக்கொண்டும் குழையாதிருக்கப் பக்குவம் அறிந்த கை வேண்டும். அவ்வுழைப்பை நம் வலிமா விருந்துகளில் பாதி இலையோடு மூடி எறிகிறோம். உண்ணவும் பருகவும் அனுமதித்த இறைவன், அதே வசனத்தில் (7:31) வீண்விரயத்தைத் தடுத்திருக்கிறான். கேட்டுக் கேட்டு, அளவறிந்து பரிமாறுவோம். மிஞ்சியதை இலைக்கு வருமுன்பே பசித்தோர்க்கு அனுப்புவோம். ஷுக்ரு என்பது நாவால் மட்டும் சொல்வதன்று.

நன்றியுள்ள அடியார்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.