சாப்டியான்னு கேட்டா பொய் சொல்லாம இருக்க

காலைல ஏழரை மணிக்கு கூட்டேரிப்பட்டு ஜங்ஷன்ல நின்னு பாருங்க. சென்னை பக்கம் போற பஸ், திருச்சி பக்கம் போற பஸ், மயிலம் ரோட்டுல திரும்புற காலேஜ் பஸ். நடுவுல நம்ம பசங்க. ஒரு கையில டீ கிளாஸ், இன்னொரு கையில பிஸ்கட் பாக்கெட். கேட்டா, "இதான் மச்சி டிபன்." நானும் அந்தக் கூட்டத்துலதான் நிக்கிறேன், அதனால உங்களைத் திட்டப் போறதில்லை.

ஆனா இந்த ஆளுங்கள்ல சில பேர் படிச்சு முடிச்சதும் ஜெர்மனி, துபாய், சிங்கப்பூர்னு போகப் போறோம். அங்கே ஜங்ஷன்ல டீக்கடை இருக்காது, வீட்டுல அம்மா இருக்க மாட்டாங்க. அப்போ என்ன செய்வீங்க? இந்தக் கேள்வியை நான் ஏன் கேக்குறேன்னா, எங்க பெரியம்மா பையன் கதை அப்படி.

அண்ணன் மெக்கானிக்கல் முடிச்சுட்டு எம்.எஸ். படிக்க ஜெர்மனி போனான். போகும்போது ரெண்டு பெட்டி. ஒரு பெட்டி முழுக்க பருப்புப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், முறுக்கு. எடை கூடிப் போச்சுன்னு ஏர்போர்ட்ல வச்சு ஸ்வெட்டரை எடுத்து வெளிய குடுத்தாங்க, முறுக்கை எடுக்கல! ரெண்டு மாசத்துல பொடியெல்லாம் தீர்ந்துச்சு. அதுக்கப்புறம் காலைல வெறும் காபி. பெரியம்மா தினமும் வீடியோ கால்ல "சாப்டியாப்பா?"ன்னு கேப்பாங்க. "சாப்டேம்மா"ன்னு சொல்லுவான். ஜனவரி மாசக் குளிர்ல ஒருநாள் டிராம்ல நின்னுக்கிட்டே மயங்கி விழுந்துட்டான். டாக்டர் பெரிய வியாதி எதுவும் சொல்லல, ஒழுங்கா சாப்பிடச் சொன்னார். இதை பெரியம்மாகிட்ட அவன் இன்னும் சொல்லல. எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போ உங்களுக்கும்.

அவன் அனுமதி வாங்கிட்டுத்தான் எழுதுறேன்.

என் கருத்து இதுதான்: வெளிநாட்டுல நமக்குச் சாப்பாடு கிடைக்காம போறதில்லை. நம்மகிட்ட சமையல் தெரியாம இருக்கறதுதான் பிரச்சினை. அதை மறைக்கத்தான் இருபத்து மூணு கிலோ பெட்டியைப் பொடியால நிரப்புறோம். பொடி தீரும். கை தெரிஞ்சா தீராது.

2022 செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கினாங்க. அரசுப் பள்ளியில ஒண்ணாவதுலேருந்து அஞ்சாவது வரைக்கும் படிக்கிற குழந்தைங்களுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல். வெறும் வயிறோட உக்காந்தா பாடம் ஏறாதுன்னு ஆறு வயசுக் குழந்தைக்குத் தெரியறதை அரசாங்கமே ஒத்துக்கிட்டாச்சு. நாம இருபத்திரண்டு வயசுல தெர்மோடைனமிக்ஸ் கிளாஸ்ல வெறும் வயிறோட உக்காந்திருக்கோம்.

சரி, உருப்படியா சிலதைச் சொல்றேன். இதெல்லாம் அண்ணன் மயங்கி விழுந்ததுக்கு அப்புறம் கத்துக்கிட்டது, அவன்கிட்டேருந்து நான் கேட்டு வாங்கினது.

முதல்ல உப்புமா. சிரிக்காதீங்க. ரவை கிடைக்கலன்னா அரபு கடை, துருக்கி கடை எதுலயாவது நுழைங்க. குஸ்குஸ்னு ஒண்ணு இருக்கும். அதுவும் கோதுமை ரவையிலதான் செய்றாங்க, ஆவியில வேக வச்சுக் காயவச்சு பாக்கெட் போட்டிருப்பாங்க. எண்ணெயில கடுகு, வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி தாளிச்சு, ஒரு கப் குஸ்குஸுக்கு ஒண்ணே கால் கப் தண்ணி ஊத்தி உப்பு போட்டுக் கொதிக்க விடுங்க. அடுப்பை அணைச்சுட்டு குஸ்குஸைக் கொட்டி மூடிடுங்க. அஞ்சு நிமிஷம். கட்டி தட்டாது, கிளற வேண்டாம், ஃபோர்க்கால உதிர்த்து விட்டா போதும். நம்ம ரவை உப்புமாவை விட இது சுலபம்னு நான் சொன்னா எங்க அம்மா கோவிச்சுக்குவாங்க, ஆனா அதுதான் உண்மை.

"இதெல்லாம் நம்ம சாப்பாடா?"ன்னு ஒரு நண்பன் கேட்டான். ரவா இட்லி எப்படி வந்துச்சு தெரியுமா? ரெண்டாம் உலகப் போர்ல பர்மாவை ஜப்பான் பிடிச்சதும் அங்கேருந்து வர்ற அரிசி நின்னுபோச்சு. அரிசி தட்டுப்பாட்டுல பெங்களூர் எம்.டி.ஆர். ஓட்டல்ல ரவையை வச்சு இட்லி பண்ணிப் பாத்தாங்கன்னு அவங்களே சொல்ற கதை. இல்லாததுக்கு இருக்கறதைப் போட்டுத்தான் நம்ம டிபனே வளர்ந்திருக்கு.

அடுத்தது சட்னி. இதுல நம்ம ஊருக்கே ஒரு பெருமை இருக்கு. மல்லாட்டையைத்தான் சொல்றேன். நிலக்கடலைக்கு நம்ம பக்கத்துல மணிலாக்கொட்டைன்னும் பேரு. பேருல பிலிப்பைன்ஸ் தலைநகர் இருக்கு, செடியோட பூர்வீகம் தென் அமெரிக்கா. ஆனா டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7னு விவசாயிங்க சொல்ற ரகங்கள்ல அந்த டி.எம்.வி. எதுன்னா திண்டிவனம். இங்கே இருக்கிற எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்துல உருவான ரகங்கள். எங்கிருந்தோ வந்த பயிரை நம்ம ஊர் பேரு போட்டு நாட்டுக்கே குடுத்திருக்கோம். அப்படிப்பட்ட ஊர்க்காரன் வெளிநாட்டு சூப்பர் மார்க்கெட்ல பீநட் பட்டர் பாட்டிலைப் பாத்து "சட்னிக்கு என்ன பண்றது"ன்னு முழிக்கலாமா? சர்க்கரை போடாத பாட்டிலாப் பாத்து வாங்குங்க. ரெண்டு ஸ்பூன் எடுத்து, அரை ஸ்பூன் மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, வெந்நீர் ஊத்திக் கலக்குங்க. கடுகு தாளிச்சுக் கொட்டினா மல்லாட்டை சட்னி. மிக்ஸியே வேண்டாம். ஒரு விஷயம்: கூட இருக்கிறவங்களுக்குக் கடலை அலர்ஜி இருக்கான்னு முதல்லயே கேட்டுடுங்க. சில பேருக்கு அது உயிருக்கே ஆபத்து.

மிக்ஸின்னதும் ஞாபகம் வருது. அமெரிக்கா, கனடா போறவங்க இங்கேருந்து மிக்ஸி தூக்கிட்டுப் போகாதீங்க. நம்மகிட்ட 230 வோல்ட், அங்கே 120. ட்ரிபிள்-ஈ பசங்களே மறந்துட்டு எடுத்துட்டுப் போறாங்களாம். ஐரோப்பாவுக்குன்னா பிளக் அடாப்டர் போதும். அதே மாதிரி ஹாஸ்டல் ரூம்ல இண்டக்ஷன் அடுப்பா இருந்தா, அலுமினிய குக்கர் அதுல சூடாகாது. காந்தம் அடியில ஒட்டுதான்னு கடையிலயே பாத்து வாங்குங்க. அப்புறம், காஞ்ச மிளகாயைத் தாளிக்கும்போது ஜன்னலைத் திறங்க. ஸ்மோக் அலாரம் அடிச்சு மொத்த பில்டிங்கும் குளிர்ல ரோட்டுல நின்ன கதையை அண்ணன் இன்னும் வெக்கத்தோடதான் சொல்றான்.

இட்லி மாவு? குளிர் நாட்டுல புளிக்காது. ஓவன்ல லைட்டை மட்டும் போட்டு உள்ள வைங்க, அந்தச் சூடு போதும். ஆனா இது ஞாயித்துக்கிழமை வேலை. தினமும் இட்லிதான் வேணும்னு அடம் பிடிச்சா கடைசியில காபிதான் மிஞ்சும்.

வெளிநாடுன்னா எம்.எஸ். மட்டும் இல்ல. நம்ம சீனியர்ஸ் நிறைய பேர் வளைகுடாவுல சைட் இன்ஜினியர். ஐக்கிய அரபு அமீரகத்துல ஜூன் 15லேருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மதியம் 12.30லேருந்து 3 மணி வரை வெயில்ல வேலை வாங்கக் கூடாதுன்னு சட்டம். அதனால சைட்டுல காலைல சீக்கிரமே இறங்கிடுவாங்க. நாலரை மணிக்கு எழுந்து தோசை ஊத்துவீங்களா? அவங்களுக்கு நான் சொல்றது கூழ். ஆடி மாசம் அம்மன் கோயில்ல வரிசையில நின்னு சொம்புல வாங்கிக் குடிக்கிறோமே, அதேதான். கேழ்வரகு மாவைக் கட்டியில்லாம கரைச்சு ராத்திரியே களி மாதிரி வேக வச்சு, ஆறினதும் ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க. காலைல மோர், உப்பு, சின்ன வெங்காயம் போட்டுக் கரைச்சுக் குடிங்க. ரெண்டு நிமிஷம். வெயிலுக்கும் தாங்கும்.

வளைகுடா, சிங்கப்பூர் போறவங்க பெட்டியில கசகசா மட்டும் இருக்கவே கூடாது. அங்கே அது போதைப் பொருள் கணக்கு, ஜெயில் வரைக்கும் போகும். அம்மா அன்பா வறுத்து அரைச்ச மசாலாப் பொடியில கசகசா இருக்கான்னு கேட்டுக்கோங்க. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குப் பால்கோவா, நெய் எடுத்துட்டுப் போகக் கூடாது.

பிரெட், முட்டை போதுமே, எதுக்கு இவ்வளவுன்னு கேப்பீங்க. போதும், தாராளமா சாப்பிடுங்க. முட்டையை அவிக்கத் தெரிஞ்சாலே பாதி ஜெயிச்ச மாதிரி. ஆனா நம்ம கிளாஸ் பசங்க பன்னெண்டு பேர்கிட்ட கேட்டேன், முட்டை எத்தனை நிமிஷம் வேகணும்னு. சரியா சொன்னது மூணு பேர். ஒருத்தன் "எங்க அக்காவுக்குத் தெரியும்"னு சொன்னான். எந்த வீட்டுலயும் அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிக் குடுக்குறாங்க, தம்பியைக் கூப்பிடறதில்லை. தம்பிதான் ஃபிளைட் ஏறுறான்.

போன ஞாயித்துக்கிழமை நான் வீட்டுல ரவை உப்புமா கிண்டினேன். கட்டி தட்டிடுச்சு. அம்மா ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டுட்டு, "அடுத்த வாரம் தண்ணி நல்லாக் கொதிச்சதும் ரவையைக் கொஞ்சம் கொஞ்சமாப் போடு"ன்னாங்க. அந்த போட்டோவை அண்ணனுக்கு அனுப்பினேன். பதிலுக்கு அவன் ஒரு தட்டு குஸ்குஸ் உப்புமா போட்டோ அனுப்பி, "இதை அம்மாவுக்கும் அனுப்பிட்டேன்டா"ன்னான்.