வாப்பும்மாவின் படக் கடிதம்

தேங்காய்ப்பட்டணம், குளச்சல், தக்கலை, திருவிதாங்கோடு என்று குமரி மாவட்டத்தின் எந்த ஊருக்குச் சென்றாலும், பேரப்பிள்ளைகள் வளைகுடாவில் வளரும் வீடுகளைக் காணலாம். கைபேசியில் நாள்தோறும் முகம் பார்த்துக் கொள்கிறார்கள். "சாப்பிட்டாயா? ஓதினாயா?" என்ற இரண்டு கேள்விகளில் பேச்சு முடிந்துவிடுகிறது. பிள்ளையின் காதுக்குத் தமிழ் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. வாப்பும்மா எழுதும் கடிதத்தைப் பேரனால் வாசிக்க இயலாது என்பது சிறிய இழப்பா?

பேச்சு ஒன்று, எழுத்து வேறு என்னும் நிலை நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும்வரை இது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. மேற்குப் பகுதிப் பள்ளிகள் பலவற்றில் மலையாளமே பயிற்றுமொழி. 1997இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற தோப்பில் முஹம்மது மீரான் அவர்களே, தம் தமிழ்க் கதைகளை மலையாள எழுத்தில் எழுதிப் பிறரைக் கொண்டு தமிழ் எழுத்துக்கு மாற்றியவர். நம் பாட்டிமார்களோ, குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டே தமிழை எழுதினர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டி அமைத்த அரபுத்தமிழ் அது. பள்ளிக்கூட வாசலை மிதியாத பெண்கள் அதில் கடிதம் எழுதினர், கிதாபுகள் வாசித்தனர்.

சகோதரிகளே, இதை இன்றைய பேரனுக்குப் பயன்படுத்த முடியாதா? அவன் அரபு எழுத்தை அறிவான். நூன், லாம், அலிஃப் என எழுதி, 'நி' என ஒலிக்க நூனுக்கு ஒரு கஸ்ரும் இட்டால் 'நிலா'! பக்கத்தில் ஒரு பிறையை வரைந்து, அடியில் தமிழ் எழுத்திலும் எழுதினால், ஒரே சொல்லை மூன்று வழியில் அவன் காண்பான்.

படக் கடிதத்தின் வலிமைக்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. பியாட்ரிக்ஸ் பாட்டர் என்ற ஆங்கிலப் பெண்மணி, தம் முன்னாள் ஆசிரியையின் மகனான நோயல் என்ற ஐந்து வயதுச் சிறுவன் நோயுற்றுக் கிடந்தபோது, 1893 செப்டம்பர் 4 அன்று அவனுக்கு ஒரு முயலின் கதையைப் படங்களுடன் எழுதியனுப்பினார். நோயல் அதைப் பத்திரமாக வைத்திருந்தான். ஆண்டுகள் கழித்து அதை இரவல் வாங்கித்தான் அவர் நூலாக விரித்தெழுதினார். பதிப்பகங்கள் மறுக்கவே, 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். மறு ஆண்டே பதிப்பகம் ஒன்று அதை வெளியிட்டது. பிள்ளை தாளைத் தூக்கி எறிந்திருந்தால்?

நீங்கள் புதிதாகக் கதை புனைய வேண்டியதில்லை. நல்ல படநூல் ஒன்றை வாங்கிக் கொள்ளுங்கள். 1996இல் சென்னையில் தொடங்கப்பெற்ற தூலிகா பதிப்பகம், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தமைந்த படநூல்களையும் வெளியிட்டுள்ளது. ஒரு கடிதத்துக்கு ஒரு பக்கம் போதும். படத்தைப் பார்த்து வரைந்து, இரண்டு வரி எழுதி, கதை சூடு பிடிக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். நூலில் வெறும் பாலம் என்றிருந்தால் நீங்கள் மாத்தூர் தொட்டிப்பாலத்தை வரையலாம். கலங்கரை விளக்கம் வந்தால் முட்டத்தை நினைத்துக் கொள்ளலாம். கோடு கோணினால் பேரன் சிரிப்பான், சிரிக்கட்டுமே! கதை முடிந்தபின் நூலையே அனுப்புங்கள். முன்பே அறிந்த கதையாதலால் தமிழ் வரிகளைத் தானே எழுத்துக் கூட்டிப் பார்ப்பான்.

உருவம் வரையலாமா என்று சில தாய்மார்கள் தயங்குவார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருள்களில் இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்ததும், அதைக் கண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்ததும் அபூதாவூதில் உள்ளன. ஓவியர் ஒருவருக்கு, மரத்தையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியதும் ஹதீஸ் நூல்களில் உண்டு. விளக்கத்தை உலமாக்களிடம் விட்டுவிட்டு, தென்னை, கட்டுமரம், மலை, மழை ஆகியவற்றை வரைந்தாலே பல மாதக் கடிதங்களுக்குப் போதும்.

உள்நாட்டுப் பேத்திக்கு இன்லண்ட் கடிதமே போதும். அதனுள் வேறு தாள் எதையும் வைக்கலாகாது என்பதால் படத்தை அதிலேயே வரைந்துவிடுங்கள். வளைகுடாவில் கடிதங்கள் பெரும்பாலும் அஞ்சல் பெட்டிக்கே சென்று சேர்கின்றன. ஆகவே மகனிடம் பெட்டி எண்ணைக் கேட்டு எழுதுங்கள். உறையின் மேல் பேரனின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். உள்ளே வெற்றுத்தாள் ஒன்றையும் மடித்து வையுங்கள், அவன் பதில் வரைவதற்கு.